பிடிவாரண்டு நிலுவையில், விசாவும் கையில்: எந்த வழியில் போவது?

விசா கைக்கு வந்த பிறகுதான் பலருக்குப் பழைய கேஸ் ஞாபகம் வருகிறது. கடைக்குச் சரக்கு வாங்கக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியிருக்கும். எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போயிருக்கும். சம்மன் பழைய வாடகை வீட்டுக்குப் போய் ‘ஆள் இல்லை’ என்று திரும்பியிருக்கும். கடைசியில் கேஸ் பிடிவாரண்டில் வந்து நிற்கும். வக்கீல் குமாஸ்தாவான எனக்கு இந்தக் கட்சிக்காரர் ரொம்பப் பழக்கம். ஊர் வேறு, பெயர் வேறு, கேள்வி மட்டும் ஒன்றுதான்: “ஏர்போர்ட்டில் பிடிச்சிருவாங்களா?”

பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் டிக்கெட் போட முடியாது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். வாரண்டு எந்தக் கோர்ட்டில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது? அதை எடுக்க இருக்கும் வழிகளில் எது நம் கைக்காசுக்கும், கிளம்ப வேண்டிய தேதிக்கும் ஒத்துவரும்?

முதலில் ஒரு விஷயம். வாரண்டுக்குக் காலாவதி தேதி கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70(2) பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72(2) பிரிவும் சொல்வது ஒன்றே: பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேற்றப்படும்வரை வாரண்டு உயிரோடு இருக்கும். ‘அஞ்சு வருஷம் ஆச்சு, தானா போயிருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேஸைத் தனியே பிரித்து, நீண்டகால நிலுவைப் பட்டியலில் போட்டிருப்பார்கள். அங்கே அது தூசி படிந்து கிடக்குமே தவிர, சாகாது.

எல்லா வாரண்டும் ஒரே ரகமும் இல்லை. ஜாமீனில் விடக்கூடியது என்றால் போலீஸ்காரரிடமே ஜாமீன் எழுதிக்கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட தேதியில் கோர்ட்டில் ஆஜராகலாம். ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்டு, அதாவது கோர்ட் வளாகத்தில் எல்லோரும் என்.பி.டபிள்யூ என்று சொல்வது, கையோடு கூட்டிப்போய் நீதிபதி முன் நிறுத்தச் சொல்லும் உத்தரவு. முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு, அதற்கும் வராவிட்டால்தான் என்.பி.டபிள்யூ என்ற வரிசையை உச்ச நீதிமன்றம் 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் வலியுறுத்தியது. மனைவிக்குத் தர வேண்டிய ஜீவனாம்சப் பாக்கிக்காக வரும் வாரண்டு இன்னொரு ரகம். அங்கே வாதம் எடுபடாது, பாக்கியைக் கட்டினால்தான் கதவு திறக்கும்.

யாரிடம் கேட்பது

நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய் “சார், என் மேல வாரண்டு இருக்கா?” என்று விசாரிப்பவர்கள் உண்டு. நேர்மையான மனசுதான். ஆனால் அந்த எஸ்.ஐ. கையில் வாரண்டு இருந்தால் அதை நிறைவேற்றுவது அவர் வேலை. கேட்கப் போனவர் அப்படியே உட்கார வைக்கப்படுவார். அதைவிட, ஈகோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ கேஸ் நம்பரையோ, ஒவ்வொரு கேஸுக்கும் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ, கட்சிக்காரர் பெயரையோ போட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா, கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் வந்துவிடும். பதிவு முழுமையாக இல்லாத கோர்ட்டுகளும் உண்டு. அதனால் தளத்தில் ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக வாரண்டு இல்லை என்று அர்த்தமில்லை.

டிராவல்ஸ் ஏஜென்ட், ‘இமிக்ரேஷனில் ஆள் இருக்கு’ என்று சொல்லும் புரோக்கர் இவர்களை எல்லாம் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. காசும் போகும், கூடவே புதிதாக ஒரு குற்றமும் சேரும்.

மிச்சம் மூன்று பேர். ஒருவர், வாரண்டு பிறப்பித்த கோர்ட்டிலேயே தினமும் ஆஜராகும் உள்ளூர் வக்கீல். இன்னொருவர் உயர் நீதிமன்ற வக்கீல். மூன்றாவது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. என் கணக்கில் முதல் ஆலோசனை எப்போதும் உள்ளூர் வக்கீலிடம்தான். கேஸ் கட்டைப் பார்வையிட மனு போட்டு, வாரண்டு எந்தத் தேதியில் போனது, ஸ்டேஷனிலிருந்து என்ன எழுதித் திரும்பியது, தலைமறைவு அறிவிப்பு வரை போய்விட்டதா என்றெல்லாம் அவர் சீக்கிரமே பார்த்துச் சொல்லிவிடுவார். அந்த நீதிபதி வாரண்டு மனுவில் கறாரா, இளக்கமா என்பதும் அவருக்குத்தான் தெரியும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெரிய வக்கீலுக்குப் பட்டுக்கோட்டை கோர்ட்டின் வழக்கம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

காசு இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை மறக்க வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவதற்கு 1987-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். வக்கீல் யாராக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை ஜாமீன் எடுத்துவிட்டுப் போகாமல் விட்டதை மறைத்தால், அது கோர்ட்டில் நீதிபதி வாயிலிருந்துதான் அவருக்குத் தெரியவரும். தொழில்முறையில் அவரிடம் சொன்னது வெளியே போகாது, சட்டமே அதற்குப் பாதுகாப்பு தருகிறது.

சரணடைந்து வாரண்டை ரத்து செய்வது

பெரும்பாலான செக் கேஸ்களுக்கும் சின்ன கேஸ்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழிதான். பேச்சு வழக்கில் ரீகால். பிறப்பித்த கோர்ட்டிலேயே ஆஜராகி, ஏன் வரவில்லை என்று மனு போட்டு, வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்வது.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பத்தரைக்குக் கோர்ட் உட்காருமுன் வக்காலத்தும் மனுவும் பிரமாணப் பத்திரமும் பெஞ்ச் கிளார்க் மேசைக்குப் போயிருக்க வேண்டும். கேஸைக் கூப்பிட்டதும் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். “இத்தனை நாள் எங்கப்பா இருந்தே?” என்று நீதிபதி கேட்பார். மனுவில் ‘உடல்நலக் குறைவு’ என்று ஒரு வரி எழுதியிருந்து, கையில் ஒரு சீட்டுகூட இல்லாவிட்டால் அங்கேயே தொய்ந்துவிடும். வீடு மாறியதற்கு வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, ஏதாவது ஒரு காகிதம் பேச வேண்டும். சில சமயம் உடனே உத்தரவு வரும், சில சமயம் சாயங்காலம் வரை உட்கார வைப்பார்கள். அதுவரை டீ குடிக்கக்கூட வளாகத்தை விட்டு நகரக்கூடாது. சரணடைந்தவர் கோர்ட்டின் பொறுப்பில் இருக்கிறார்.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஜாமீன்தாரர் விஷயத்தில்தான். மனு நாலு மணிக்கு அனுமதியாகும். இரண்டு ஜாமீன்தாரர் ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டு வரி ரசீதோடு வெளியே தயாராக நிற்க வேண்டும். ஒருவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்றால் ராத்திரி கிளைச் சிறையில்தான். வெள்ளிக்கிழமை சரணடைவதை நாங்கள் கூடுமானவரை தவிர்ப்போம். மனு தள்ளுபடியானால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேல் கோர்ட்டில் உடனே முட்ட முடியாது.

உங்கள் கேஸ் எந்த வகை என்பதைப் பொறுத்து இதில் ஆபத்து கூடும், குறையும். இதுவரை ஒருமுறைகூட ஆஜராகாதவர், சம்மனே கிடைக்காதவர் என்றால் பொதுவாகச் சுலபம். செக் கேஸ் ஜாமீனில் விடக்கூடிய குற்றம், அங்கே ஜாமீன் உரிமை. ஆனால் ஏற்கெனவே ஜாமீன் எடுத்து, வாய்தாவுக்கு வராமல் ஓடியவருக்கு அந்த உரிமை தேய்ந்துவிடுகிறது. புதிய சட்டத்தின் 478(2) பிரிவுப்படி, ஜாமீன்முறியை மீறியவருக்கு மறுபடி ஜாமீன் தர மறுக்கலாம். பழைய ஜாமீன்தாரர்களுக்கும் அபராத நோட்டீஸ் போயிருக்கும். ஜாமீனில் வெளியே வந்து ஆஜராகாமல் இருப்பதே ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். ரீகாலுக்குப் போகுமுன் இதை எடைபோட வேண்டும். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆயத்தத்தோடு போக வேண்டும்.

உயர் நீதிமன்றம், சமரசம், முன்ஜாமீன்

‘ஹைகோர்ட்ல போட்டா போதும், நேரா வர வேண்டாம்’ என்று கேட்டால் இனிக்கத்தான் செய்யும். பாதிதான் உண்மை. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வாரண்டை எதிர்த்து மனு போட்டால் பல நேரங்களில் வரும் உத்தரவு என்ன தெரியுமா? ‘மனுதாரர் குறிப்பிட்ட நாளுக்குள் கீழ் கோர்ட்டில் சரணடைந்து ரீகால் மனு போட வேண்டும், அன்றைக்கே அதைப் பரிசீலிக்க வேண்டும்’. இது வீண் என்று சொல்ல மாட்டேன். கறாரான கோர்ட்டில் சரணடையப் பயமிருந்தால், அதுவும் முன்பு ஜாமீன் மீறியவருக்கு, இந்த உத்தரவு நல்ல பிடிமானம். ஆனால் செலவு இரண்டு மடங்கு, கடைசியில் நிற்கப்போவது அதே கூண்டில்.

உயர் நீதிமன்றம் உண்மையிலேயே சரியான இடமாவது கேஸே நிற்காது என்கிற நிலையில். கல்யாண வழக்கில் கணவனோடு சேர்த்து வெளியூரில் இருக்கும் நாத்தனார், கொழுந்தன் பெயரையெல்லாம் பொத்தாம்பொதுவாகச் சேர்த்திருக்கிறார்கள். கம்பெனியின் செக்குக்கு, கையெழுத்தும் போடாத, நிர்வாகத்திலும் இல்லாத ஒருவரைக் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவற்றுக்குப் புதிய சட்டத்தின் 528-வது பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம், இடைக்காலத் தடையும் கேட்கலாம். தடை கிடைத்தால் நிம்மதி. எப்போது பட்டியலில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. இருபது நாளில் விமானம் ஏற வேண்டியவர் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

சமரசம் செக் கேஸில் நல்ல வழி. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147-வது பிரிவு இதற்கு நேரடியாக இடம் தருகிறது, லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளவும் வசதி உண்டு. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. எதிர்த்தரப்புக்குப் பணத்தைக் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் ‘பாக்கி ஒன்றுமில்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, கேஸ் முடிந்தது என்று விமானம் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை. அந்தப் பேப்பர் கோர்ட்டுக்குப் போய், சமரசம் பதிவாகி, வாரண்டு ரத்தாகும்வரை போலீஸ் கையில் இருக்கும் உத்தரவு அப்படியேதான் இருக்கும். எதிர்த்தரப்பு மனம் மாறி வாபஸ் மனு போடாமல் இழுத்தால் கொடுத்த பணத்துக்கும் சண்டை. பணத்தைக் கோர்ட்டில் வைத்துக் கொடுப்பது, அல்லது சமரச மனு தாக்கலாகும் அன்றே கை மாறுவது நல்லது.

முன்ஜாமீன் கேட்டு வருபவர்கள் நிறைய. முன்ஜாமீன் என்பது ஜாமீனில் விட முடியாத குற்றத்தில் கைதாகலாம் என்று பயப்படுபவருக்கு. செக் கேஸில் வாரண்டு என்.பி.டபிள்யூ என்றாலும், குற்றம் ஜாமீனில் விடக்கூடியது, அங்கே இந்த மனு பொதுவாக எடுபடாது. மோசடி, வரதட்சணைக் கொடுமை போன்றவற்றில் விசாரணைக் கட்டத்தில் இது பயன்படும். தலைமறைவுக் குற்றவாளி என்று கோர்ட் அறிவித்துவிட்ட பிறகு முன்ஜாமீன் சாதாரணமாகக் கிடைக்காது. உச்ச நீதிமன்றம் 2012-லும் 2021-லும் இதைச் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு விலை இது.

ஒன்றும் செய்யாமல் பறப்பது

இதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் இதைத்தான் செய்கிறார்கள், பலர் போயும் விடுகிறார்கள். ஒவ்வொரு கோர்ட்டின் வாரண்டும் விமான நிலையக் கம்ப்யூட்டரில் ஏறிவிடாது. அங்கே ஏறுவது லுக் அவுட் சர்குலர், அதாவது இந்த ஆள் வந்தால் தடுக்கவோ தகவல் தரவோ சொல்லும் அறிவிப்பு. அதைக் கேட்பது போலீஸ் அல்லது விசாரணை அமைப்பின் உயரதிகாரி. உள்துறை அமைச்சக வழிகாட்டுதல்படி, போலீஸ் தானாகவே கைது செய்யக்கூடிய குற்றம் இல்லையென்றால் ஆளைத் தடுத்து நிறுத்த முடியாது, வந்தார், போனார் என்று தகவல் மட்டும் கேட்கலாம். செக் கேஸ் தனியாக அந்த ரகக் குற்றமில்லை. அதனால்தான் செக் கேஸ்காரர்கள் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அதே விவகாரத்தில் மோசடிப் புகாரும் போயிருந்தால் கதை வேறு. சர்குலர் இருக்கிறதா என்று முன்கூட்டியே யாரும் கடிதம் போட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

போனவருக்கு அடி பெரும்பாலும் பிறகுதான் விழும். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகும்போது, போலீஸ் நற்சான்றிதழ் கேட்கும் கம்பெனிக்கு மாறும்போது, அப்பா இறந்து அவசரமாக ஊருக்கு வரும்போது. பாஸ்போர்ட் சட்டம் 1967-ன் 6(2) பிரிவின்படி, கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையிலிருந்தாலோ, வாரண்டு இருந்தாலோ பாஸ்போர்ட் தர மறுக்கலாம். 10(3)-ன்படி கையிலிருப்பதையும் முடக்கலாம். விண்ணப்பத்தில் ‘வழக்கு இல்லை’ என்று டிக் அடித்து மறைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கிடையில் கோர்ட் தலைமறைவு அறிவிப்புக்கும் சொத்து முடக்கத்துக்கும் போய்விட்டால், சின்ன கேஸ் பெரிதாகிவிடும். அறிவிப்புக்குப் பிறகும் வராமல் இருப்பது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

வாரண்டு போனால் எல்லாம் போகாது

ரீகால் ஆனதும் நேராக ஏர்போர்ட் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. கோர்ட் ரத்து செய்தாலும் வாரண்டுக் காகிதம் இன்னும் ஸ்டேஷன் ஃபைலில் இருக்கும். ரத்து உத்தரவின் சான்றளித்த நகலை வாங்கி, கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் கடிதம் போனதா என்று குமாஸ்தாவை விட்டு விசாரியுங்கள். நகலை வெளிநாடு போகும்போது பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

லுக் அவுட் சர்குலர் ஒன்று இருந்தால் அது தானாகக் கழன்றுவிடாது. 2021-ம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கேட்ட அமைப்பே நீக்கச் சொல்லும்வரை அது நிற்கும். குடிவரவு அதிகாரி வெறும் நிறைவேற்றுபவர், அவரிடம் ரீகால் உத்தரவைக் காட்டி வாதாடிப் பயனில்லை. ரத்து உத்தரவை இணைத்து அந்த எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு மனு கொடுத்து, அசையாவிட்டால் கோர்ட்டை நாட வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும்.

மூன்றாவது, பாஸ்போர்ட்டும் பயண அனுமதியும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது புதிதாக எடுக்கவோ புதுப்பிக்கவோ வேண்டியிருந்தால், 1993 ஆகஸ்ட் 25-ம் தேதி வெளியான ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிப்புதான் வழி. வழக்கு நடக்கும் கோர்ட்டிடம் வெளிநாடு போக அனுமதி வாங்கி வந்தால், கோர்ட் சொன்ன காலத்துக்குப் பாஸ்போர்ட் தருவார்கள், காலம் சொல்லாவிட்டால் ஓராண்டுக்கு. அதனால் உத்தரவில் எத்தனை ஆண்டு என்று எழுதச் சொல்லி வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டு பாஸ்போர்ட்டோடு இரண்டாண்டு வேலை ஒப்பந்தத்துக்குப் போக முடியாமல் மறுபடி கோர்ட்டுக்கு வந்தவர்கள் உண்டு. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இருந்து, ஜாமீன் நிபந்தனையிலும் தடை இல்லையென்றால் தனி அனுமதி தேவையா என்று வக்கீல்களே இரண்டு பக்கமும் பேசுவார்கள். நான் வாங்கிவிடச் சொல்வேன். விசா நகல், வேலைக் கடிதம், அங்கே தங்கும் முகவரி, திரும்பும் தேதி, இவற்றோடு ஒரு மனு. கூடவே ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வராமல் வக்கீல் மூலம் ஆஜராகப் புதிய சட்டத்தின் 228 அல்லது 355-வது பிரிவின் கீழ் இன்னொரு மனு. அது இல்லாமல் போனால் அடுத்த வாய்தாவில் அதே வாரண்டு திரும்ப வரும்.

எனவே இருபது நாள் கைவசம் இருப்பவருக்கு என் வரிசை இப்படி: முதல் இரண்டு நாளில் உள்ளூர் வக்கீல் கேஸ் கட்டைப் பார்க்கட்டும். புதிதாக ஆஜராகும் செக் கேஸ் என்றால் அந்த வாரமே திங்களோ செவ்வாயோ சரணடைந்து ரீகால், அன்றே அல்லது அடுத்த நாளே பயண மனு. பணம் புரளுமென்றால் சமரசப் பேச்சும் பக்கத்திலேயே ஓடலாம். முன்பு ஜாமீன் மீறியவர், அல்லது மோசடிப் புகாரும் கூடவே இருப்பவர் என்றால், உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று கையில் இல்லாமல் நகர வேண்டாம், டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுப்பதும் புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு வரிசை தலைகீழ். நேராக விமானம் ஏறித் திருச்சியில் இறங்குவதற்கு முன், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் வக்காலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் சான்றொப்பம் வாங்கி ஊருக்கு அனுப்புங்கள். உயர் நீதிமன்றத்தில் ‘இன்ன தேதிக்குள் வந்து சரணடைகிறேன், அதுவரை விமான நிலையத்தில் கைது வேண்டாம்’ என்று பாதுகாப்பு கேட்கலாம், தகுந்த கேஸ்களில் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அது ஆறு மாதத்துக்குக் கீழே போய்விட்டால் தூதரகத்தில் புதுப்பிக்கும்போதே இந்த வழக்கு எழும்பும், அப்போது பேரம் பேச நேரமிருக்காது.